தெளித்தால் கெட்டிப்படுமா பழம்? இலைவழி ஊட்டம் குறித்து நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு பார்வை

சந்தையில் பழத்துக்கு விலை வைப்பது வியாபாரியின் கட்டைவிரல்தான். மெல்ல அழுத்திப் பார்ப்பார். விழுந்த குழி மீளாவிட்டால் விலை இறங்கிவிடும். கொடைக்கானலிலிருந்து பெட்டியில் இறங்கும் ஸ்ட்ராபெரிக்கும், நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்கு வரும் மட்டி வாழைக் குலைக்கும் இந்தச் சோதனை பொது. அதனால்தான் "இலையில் தெளியுங்கள், பழம் கெட்டிப்படும்" என்று சொல்லும் புட்டிகள் உரக்கடை அலமாரிகளில் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன. வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரு ஏக்கரும் இரண்டு ஏக்கருமாகப் பயிர் வைத்திருப்பவர். அந்தச் செலவு அவருக்குத் திரும்பி வருகிறதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஸ்ட்ராபெரி குளிர்ந்த இரவுகளைக் கேட்கும் செடி. தன் ஸ்ட்ராபெரிக்கு 2010-இல் புவிசார் குறியீடு பெற்ற மகாராஷ்டிரத்தின் மகாபலேஸ்வரம், நம் கொடைக்கானல், நீலகிரி போன்ற மலைகளே அதற்கு இடம். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் போன்ற கடலோர ஊரில் அது விளையாது. ஆனாலும் பழத்தின் உறுதிக்கும் தெளிப்புக்கும் உள்ள தொடர்பை உலகில் மிக நுணுக்கமாக ஆராய்ந்த பயிர்களில் ஸ்ட்ராபெரியும் ஒன்று. அங்கே கிடைத்த பாடத்தை நாஞ்சில் நாட்டு வாழைக்குப் பொருத்திப் பார்த்தால், எதைத் தெளிப்பது, எதை விட்டுவிடுவது என்பது தெளிவாகும். முட்டம் கடற்கரைக்கும் இதில் பங்கு உண்டு. தோட்டக்காரர்கள் இன்று தெளிக்கும் கரைசல்களில் பல, கடல் தரும் பொருள்களிலிருந்து வருபவை.

பழத்தின் உறுதி எங்கே இருக்கிறது

பழத்தின் சதை கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செங்கல்லுக்குச் செங்கல் சாந்து பிடித்து நிற்பதைப்போல, செல்லுக்குச் செல் பெக்டின் என்ற பொருள் பிடித்து நிற்கிறது. பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பது கால்சியம். போரானும் செல்சுவரில் இதேபோன்ற ஒரு பிணைப்பைத் தருகிறது. பழம் கனியும்போது சில நொதிகள் பெக்டினை வெட்டத் தொடங்குகின்றன. பிணைப்பு தளர்கிறது, சதை மெத்தென்று ஆகிறது. கால்சியம் போதிய அளவு இருந்தால் இந்த வெட்டு மெதுவாக நடக்கும்.

நொதிகளின் பங்கு எவ்வளவு பெரிது என்பதை மரபணு ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவில் 1994-இல் சந்தைக்கு வந்த ஃபிளேவர் சேவர் தக்காளி, பெக்டினை வெட்டும் ஒரு நொதியை அடக்கி உருவாக்கப்பட்டது. ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2002-இல் ஸ்ட்ராபெரியில் பெக்டேட் லையேஸ் என்ற வேறொரு நொதியை அடக்கியபோது பழம் கூடுதல் உறுதியோடு நின்றது. ஆக, உறுதியின் முதல் அளவு ரகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. கமரோசா போன்ற ரகங்கள் இயல்பிலேயே கெட்டியானவை. மெல்லிய சதை கொண்ட ரகத்தை எந்தத் தெளிப்பாலும் கமரோசாவாக மாற்ற முடியாது.

வாழையில் கதை இன்னும் கொஞ்சம் சிக்கலானது. காயில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. பழுக்கும்போது அது ஏறத்தாழ முழுவதும் சர்க்கரையாக மாறிவிடும். பெக்டின் கரைவதும் மாவு கரைவதும் சேர்ந்தே வாழைப்பழத்தை இளக்குகின்றன. காம்புப் பகுதியில் பெக்டின் தளர்ந்தால், பழம் சீப்பிலிருந்து உதிரும். கடையில் தொங்கும் குலைக்கு அதுதான் பெரிய நட்டம்.

இலை எதை ஏற்கும், எதைக் கடத்தும்

இலையில் தெளித்துப் பயிரை ஊட்டும் வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1840-களில் பிரான்சில் கிரி என்பவர், மஞ்சளித்த செடிகளின் இலையில் இரும்பு உப்பைத் தெளித்துப் பச்சையை மீட்டுக் காட்டினார். 1950-களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டூக்கியும் விட்வரும் கதிரியக்கம் கொண்ட சத்துகளை இலையில் இட்டு, அவை செடிக்குள் நுழைந்து நகர்வதை அளந்தார்கள். இலையும் உண்ணும் என்பது அத்துடன் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில் உளுந்து, பாசிப்பயறுக்குப் பூக்கும் பருவத்தில் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பது இன்று எல்லோரும் அறிந்த வேலை.

இலைக்குள் நுழைந்த சத்து பழத்துக்குப் போய்ச் சேருமா என்பது தனிக் கேள்வி. பெரும்பாலான குழப்பம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. செடிக்குள் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, வேரிலிருந்து நீரோடு மேலே ஏறும் பாதை. மற்றொன்று, இலை சமைத்த சர்க்கரையைப் பழத்துக்கும் வேருக்கும் இறக்கும் பாதை. தழைச்சத்தும் பொட்டாஷும் மக்னீசியமும் இரண்டாவது பாதையில் தாராளமாகப் பயணம் செய்யும். கால்சியம் அந்தப் பாதையில் ஏறத்தாழ நகராது. அது நீரோட்டத்தோடு மட்டுமே போகும். நீரை வேகமாக ஆவியாக்குவது இலை என்பதால் கால்சியமும் பெரும்பாலும் இலைக்கே போய்விடுகிறது. ஆவியாக்கும் வேலை குறைந்த பழத்துக்குச் சிறு பங்குதான் கிடைக்கும். மண்ணில் கால்சியம் இருந்தும் தக்காளியின் அடி கறுப்பதும், ஆப்பிளில் கசப்புப் புள்ளி விழுவதும், ஸ்ட்ராபெரியின் இளந்தளிர் நுனி கருகுவதும் இதனால்தான்.

ஒரு கிலோ ஸ்ட்ராபெரியில் இருக்கும் கால்சியம் ஏறத்தாழ 160 மில்லிகிராம். சிறிய அளவுதான். ஆனால் இலையில் தெளித்த கால்சியம் அந்த இலையிலேயே தங்கிவிடுகிறது, பழத்துக்கு வருவதில்லை. பொட்டாஷின் நிலை இதற்கு நேர்மாறு. அது இலையிலிருந்து பழத்துக்குச் சுலபமாக வரும், ஆனால் பயிருக்குத் தேவைப்படும் அளவு மிகப் பெரிது. கால்சியத்துக்குத் தேவை சிறிது, பாதை இல்லை. பொட்டாஷுக்குப் பாதை உண்டு, தேவை பெரிது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், ஆய்வுகளில் காணும் முரண்கள் பலவும் விளங்கிவிடும்.

ஸ்ட்ராபெரி ஆய்வுகள் சொல்வது

கனடாவில் 1990-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கால்சியம் குளோரைடு தெளித்த ஸ்ட்ராபெரிகள் பறித்த பிறகு தாமதமாகக் கனிந்தன, பூஞ்சணமும் தாமதமாகவே பிடித்தது. போலந்தில் எல்சாண்டா ரகத்தில் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில் கால்சியம் தெளிப்பு பழத்தைக் கெட்டிப்படுத்தியது, சாம்பல் பூஞ்சணத்தையும் குறைத்தது. அங்கே போரான் தெளிப்பால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சாண்ட்லர் ரகத்தில் நடந்து 2007-இல் வெளியான இந்திய ஆய்வில், கால்சியம் பெற்ற பழங்கள் உறுதியாக இருந்தன, வெளிறிய பழங்களும் அழுகலும் குறைந்தன. போரான் பழம் கோணலாவதைக் குறைத்தது. கெட்டிப்பட்ட பழங்களில் இனிப்பு சற்றுக் குறைந்து புளிப்பு கூடியிருந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்தது. கனிவு தள்ளிப்போவதற்குச் செடி கொடுக்கும் விலை அது.

மறுபக்கம், 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அறுவடைக்கு முன் கொடுத்த கால்சியம் பழுத்த ஸ்ட்ராபெரியின் தாதுச் சத்துகளில் பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை என்று முடிவு சொன்னது. இவற்றில் யார் சொல்வது சரி? எல்லோரும் சரியாக இருக்கலாம். இலையை மட்டும் நனைத்த தெளிப்பு வீணாகும், காயின் மேல் நேரே பட்ட தெளிப்பு பலன் தரும். மண்ணில் ஏற்கனவே கால்சியம் நிறைந்திருந்தால் கூடுதலாகக் கொடுத்தது தெரியாமலே போகும், குறைந்திருந்தால் பளிச்சென்று தெரியும். காய் பச்சையாக இருக்கும்போது தோல் மெல்லியது, உள்ளே வாங்கும். சிவந்த பிறகு தெளித்தால் கறைதான் மிஞ்சும். ஸ்ட்ராபெரியில் பூவிலிருந்து பழத்துக்குச் சுமார் ஒரு மாதம்தான். அதில் தெளிப்புக்குப் பயன்படுவது முதல் இரண்டு மூன்று வாரங்கள்.

மற்றொரு விஷயத்தில் ஆய்வுகளும் அனுபவமும் ஒத்துப்போகின்றன. தழைச்சத்து மிகுந்தால் பழம் பருக்கும், இளகும், சீக்கிரம் அழுகும். பொட்டாஷை மண்ணில் அளவுக்கு மீறிக் கொட்டினால், அது வேரில் கால்சியத்தோடு போட்டியிட்டு அதை உள்ளே வரவிடாது. கால்சியத்தைப் புட்டியில் வாங்குவதற்கு முன், யூரியா மூட்டையைக் குறைப்பது செலவில்லாத வைத்தியம்.

நாஞ்சில் நாட்டு வாழை

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோட்டங்களில் ஏத்தன், மட்டி, செந்துளுவன், பாளையங்கோட்டான், ஞாலிப்பூவன் என்று வாழை வகை வகையாக நிற்கிறது. இவற்றில் மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏத்தன் பெரும்பகுதி முற்றிய காயாகச் சிப்ஸுக்கும் கேரளச் சந்தைக்கும் போகிறது, எனவே கனிந்த பிறகு எத்தனை நாள் நிற்கும் என்ற கவலை அதில் குறைவு. மட்டியும் ஞாலிப்பூவனும் கனிந்து கைக்கு வருபவை. தோல் மெல்லியது, பழம் சிறியது. குழந்தைக்கு முதல் பழமாக ஊட்டும் மட்டிக்குப் புகழ் இருந்தும், தொலைவூருக்கு அனுப்பத் தயங்குவதற்கு அந்த மென்மையே காரணம்.

ஞாலிப்பூவனுக்கு நம்மிடமே நல்ல சான்று உண்டு. இதை நெய்ப்பூவன் என்ற பெயரில் கோவையின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, முடிவுகளை 2007-இல் வெளியிட்டார்கள். கடைசிச் சீப்பு விரிந்ததும் ஒரு முறை, 30 நாள் கழித்து இன்னொரு முறை 1.5 சதவீத சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கரைசலைத் தெளித்ததில் குலையின் எடை கூடியது, தரம் உயர்ந்தது, பறித்த பின் பழம் கெடாமல் நின்ற நாளும் நீண்டது. லிட்டருக்கு 15 கிராம் என்பது எந்தக் குடியானவருக்கும் கட்டுப்படியாகும் அளவு.

இந்தப் பலனை மிகைப்படுத்தாமல் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வாழைக்கு ஒரு முறைக்கு அரை லிட்டர் கரைசல் என்று வைத்துக்கொள்வோம். இரு முறையும் சேர்த்து 15 கிராம் உப்பு, அதில் பொட்டாஷ் 7.5 கிராம். வாழை ஒன்றுக்குப் பல்கலைக்கழகம் நீண்டகாலமாகச் சொல்லிவரும் உர அளவு 110 கிராம் தழைச்சத்து, 35 கிராம் மணிச்சத்து, 330 கிராம் சாம்பல்சத்து (பொட்டாஷ்). தெளித்தது ஒரு சொட்டும் சிந்தாமல் உள்ளே போனாலும் நூற்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல்தான். குலை தள்ளிய பிறகு வேர் வாங்கும் வேகம் குறைந்திருக்கும், காயோ வாரி இழுத்துக்கொண்டிருக்கும். அந்த நெருக்கடியான வாரங்களில் கொடுப்பதால்தான் இந்தச் சிறு அளவு எடுபடுகிறது. மண்ணில் 330 கிராம் போடாதவருக்கு இந்தத் தெளிப்பு கைகொடுக்காது.

நுண்ணூட்டத்தில் தேவை கிராம் கணக்கில் முடிந்துவிடும், ஆகவே இலைவழி ஊட்டத்துக்கு மிகப் பொருத்தமான இடம் அதுதான். வாழை நட்ட 3, 5, 7-ஆம் மாதங்களில் துத்தநாக சல்பேட் 0.5 சதவீதம், இரும்பு சல்பேட் 0.2, தாமிர சல்பேட் 0.2, போரிக் அமிலம் 0.1 சதவீதம் தெளிக்கச் சொல்கிறது பல்கலைக்கழகப் பரிந்துரை. பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 'பனானா ஸ்பெஷல்' என்ற கலவையையும், திருச்சியின் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 'பனானா சக்தி'யையும் தருகின்றன. இரண்டு மழைக்காலங்களும் அடித்துக் கழுவும் இந்த மாவட்டத்தின் செம்மண்ணிலும் சரளை மண்ணிலும் புளிப்பு அதிகம், கால்சியமும் போரானும் வடிந்து போவதும் அதிகம். நம் தோட்டங்களுக்கு இந்தக் கவனிப்பு கூடுதலாகவே தேவை.

முட்டம் கடற்கரை தரும் மூன்று

மீன், பாசி, சிப்பி ஆகிய மூன்றும் தோட்டத்துக்குப் போகின்றன. மூன்றின் வேலையும் வெவ்வேறு. அதைப் பிரித்து அறியாததால்தான் பல தெளிப்புகள் குறி தவறுகின்றன.

மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் கலந்து, மூடிப் புளிக்கவைத்து எடுக்கும் மீன் அமிலத்தை 10 லிட்டர் நீருக்கு 100 மில்லி வீதம் தெளிப்பது இயற்கை விவசாயிகளிடம் பரவலாக உள்ள வழக்கம். முட்டம் துறைமுகத்தில் மீன் இறங்கும் நாள்களில் கழிவுக்குப் பஞ்சமில்லை. இந்தக் கரைசலின் பலம் தழைச்சத்து. இளஞ்செடிக்கு அது நல்லது, கரும்பச்சையில் இலை விரியும். காய் முற்றும் பருவத்தில் தொடர்ந்து தெளித்தால், மேலே சொன்னபடி பழம் இளகும். மீன் முள்ளில் கால்சியம் இருப்பது உண்மைதான், ஆனால் அது பாஸ்பேட்டோடு இறுகியிருப்பது, புளித்த கரைசலில் சிறிதளவே கரையும். ஆகவே பழத்தைக் கெட்டிப்படுத்த மீன் அமிலத்தை நம்ப வேண்டாம். பூ வரும்போது அதை நிறுத்திவிடுவதே நல்லது.

பாசியின் கதை வேறு. தமிழ்நாட்டில் மண்டபம் சுற்றுவட்டாரத்தில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசியைப் பிழிந்தெடுத்த சாறு, மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில், இஃப்கோவின் 'சாகரிகா' உள்ளிட்ட பெயர்களில் கடைக்கு வருகிறது. அதில் பொட்டாஷும், செடியின் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களும் உள்ளன. வறட்சியையும் உப்புக் காற்றையும் தாங்க அது செடிக்கு உதவும். கால்சியத்துக்கு மாற்றாக அதைக் கருத இடமில்லை. இத்தகைய உயிர்த்தூண்டிகளை 2021-இல் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவந்தது. புட்டியில் பதிவு விவரமும் உள்ளடக்கமும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, பில் கேட்டு வாங்குவது விவசாயியின் உரிமை.

உறுதிக்கு உண்மையாக உதவக்கூடியது மூன்றாவது பொருள்தான். குமரிக் கடலோரப் பாறைகளில் எடுக்கும் சிப்பியின் ஓடு கால்சியம் கார்பனேட். அதை நீற்றினால் சுண்ணாம்பு. புளிப்பு மிகுந்த மண்ணுக்கு, மண் பரிசோதனை சொல்லும் அளவில், நடவுக்கு முன்பே சுண்ணாம்பு இட்டால், வேர்வழியாகக் கால்சியம் பழத்துக்கு ஏற வழி பிறக்கும். இரவில் வேர் அழுத்தத்தால் ஏறும் நீர் காய்க்கும் போகும். அந்த நேரத்தில் மண்ணில் ஈரமும் கால்சியமும் சேர்ந்திருக்க வேண்டும். மண்ணைக் காயவிட்டு, பிறகு வெள்ளமாகப் பாய்ச்சும் பாசனம் இந்த ஓட்டத்தை அறுத்துவிடும். ஓட்டைத் தூளாக்கி அப்படியே இலையில் தெளித்தால் எதுவும் நடக்காது, அது நீரில் கரையாது. முட்டையை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து எடுக்கும் முட்டைக் கரைசலில் சாற்றின் அமிலம் ஓட்டின் கால்சியத்தில் ஒரு பகுதியைக் கரைத்துவிடுகிறது, எனவே அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு மாறும்.

தெளிக்கும் கை அறிய வேண்டியவை

கால்சியம் நைட்ரேட்டையும் சல்பேட் ஆஃப் பொட்டாஷையும் ஒரே வாளியில் கலந்து பாருங்கள். தெளிந்திருந்த நீர் பால்போலக் கலங்கும், சற்று நேரத்தில் அடியில் வெண்பொடி படியும். அது ஜிப்சம். இரண்டுக்கும் கொடுத்த பணம் வாளியின் அடியில் கிடக்கும், தெளிப்பானின் மூக்கும் அடைக்கும். கால்சியத்தைச் சல்பேட், பாஸ்பேட் எதனோடும் சேர்க்காமல் தனி நாளில் தெளிக்க வேண்டும்.

வாழை இலையில் மெழுகு அதிகம், நீர் உருண்டு ஓடிவிடும். ஒட்டும் திரவமோ காதி சோப்புக் கரைசலோ சேர்த்தால் துளி பரவி நிற்கும். 'பனானா ஸ்பெஷல்' கரைசலில் ஒரு ஷாம்பு பாக்கெட்டும் எலுமிச்சைச் சாறும் சேர்க்கச் சொல்வதன் காரணமும் இதுவே. ஷாம்பு துளியைப் பரப்பும், எலுமிச்சை கடின நீரின் காரத்தைத் தணிக்கும். காலை இளவெயிலிலோ மாலையிலோ தெளித்தால் துளி நெடுநேரம் ஈரமாக இருந்து உள்ளே இறங்கும். உச்சி வெயிலில் உப்பு காய்ந்து இலையைக் கருக்கும். கடற்காற்று ஏற்கனவே உப்பைக் கொண்டுவந்து அப்பும் முட்டம் போன்ற ஊர்களில் குளோரைடு உப்புகளைத் தவிர்த்து நைட்ரேட் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. எதுவானாலும் முதலில் நாலைந்து செடியில் தெளித்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தோட்டம் முழுவதும் இறங்கலாம்.

பறிப்புக்குப் பின் செய்யும் வேலையையும் மறக்கக் கூடாது. வெயில் ஏறுமுன் பறிப்பது, நிழலில் வைப்பது, ஸ்ட்ராபெரியாக இருந்தால் உடனே குளிரூட்டுவது, குலையானால் வாழைச்சருகு பரப்பி ஒன்றன்மேல் ஒன்று நசுங்காமல் ஏற்றுவது. ஒரு பருவம் முழுக்கத் தெளித்துச் சேர்த்த உறுதியை ஒரு பிற்பகல் வெயில் தின்றுவிடும்.

நிறைவாக

இலைவழி ஊட்டம் பொய் அல்ல, எல்லாம் செய்யும் மாமருந்தும் அல்ல. நுண்ணூட்டக் குறையை அது நேரடியாகத் தீர்க்கும். பொட்டாஷை, மண்ணில் போட்டது போட்டபடி இருக்கும்போது, குலை தள்ளிய வாரங்களில் இன்னும் கொஞ்சம் கூட்டித் தரும். தெளிக்கும் கால்சியம் பச்சைக் காயின் மேல் பட்டால் மட்டுமே பழத்தை இறுக்கும். இலைக்குத் தெளித்து அது காய்க்கு இறங்கும் என்று காத்திருப்பது வீண்.

பொது நிறுவனங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. ஞாலிப்பூவனுக்குச் செய்த அளவு துல்லியமான சோதனையை, புவிசார் குறியீடு பெற்ற மட்டிக்கும் நம் மண்ணிலேயே செய்ய வேண்டும். பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, திருப்பதிசாரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுண்ணாம்பு இட்ட வரிசை, குலையில் கால்சியம் தெளித்த வரிசை, பொட்டாஷ் தெளித்த வரிசை, எதுவும் செய்யாத வரிசை என நான்கையும் அருகருகே வைத்து, சதையின் உறுதியைக் கருவியால் அளந்து, கடையில் எத்தனை நாள் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்து முடிவை விவசாயியின் மொழியில் வெளியிட வேண்டும். அந்த முடிவு கைக்கு வரும்வரை, புட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கை மண் பரிசோதனைக்கும் சுண்ணாம்புக்கும் கொடுங்கள். மீதியில் குலை தள்ளியதும் தெளிக்கப் பொட்டாஷ் வாங்குங்கள். இன்று நம்மிடம் உள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், போட்ட காசைத் திருப்பித் தர வாய்ப்பு அதிகம் உள்ள வரிசை அதுதான்.